இடது தோளின் பள்ளம்

பந்தயத்தில் ஓடிய கார்கள் எல்லாமே ஒரே கம்பெனியில், ஒரே அச்சில் செய்தவை. தரையோடு தாழ்ந்த சிவப்பு உடல், இரண்டு இருக்கை, மூடியில்லாத மேற்புறம். எஞ்சினை யாரும் திறந்துவிடாதபடி ஈய முத்திரை வைத்திருந்தார்கள். யாருக்கு எந்தக் கார் என்பது பந்தயத்தன்று காலையில் ஒரு பித்தளைச் சொம்புக்குள் கைவிட்டு எடுக்கும் சீட்டில் முடிவாகும். நல்ல கார் கிடைத்ததால் ஜெயித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஓட்டுகிறவன் தன்னுடையது என்று கொண்டுவருவது ஹெல்மெட்டும் ஃபோமும்தான். வெறும் இருக்கையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஆளை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். அது சூடாகப் பொங்கி, தோளையும் முதுகையும் இடுப்பையும் சுற்றி உப்பி இறுகும். ஆள் எழுந்த பிறகு அவன் உட்கார்ந்திருந்த வடிவம் அதில் தங்கியிருக்கும். எந்தக் கார் வந்தாலும் அந்த ஃபோமை அதில் பொருத்திக்கொள்ளலாம்.

கணவன் அரிகிருஷ்ணனின் ஃபோமுக்கு ஈஸ்வரி என்கிற சாமுண்டீஸ்வரிதான் உறை தைப்பாள். வியர்வையில் ஊறி வரும் உறையைக் கழற்றித் துவைப்பதும் அவள்தான்.

பெருங்களத்தூரில் அவர்கள் குடும்பத்து நிலம் மனைகளாகிவிட்ட பிறகு, அரிகிருஷ்ணன் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கலும் மணலும் விற்கும் கடை போட்டான். அதற்குப் பிறகு வந்தது இந்தப் பந்தயப் பைத்தியம். பருத்த உடம்பு, உரத்த குரல். கெட்டவன் இல்லை. வீட்டில் இன்னொருத்தி இருப்பதை அவன் கவனித்ததில்லை, அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பான். அந்த முதுகின் ஒவ்வொரு மேடும் அவளுக்குப் பாடம்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் டிசம்பரில் பந்தயங்கள் தொடங்கிய நாளன்று, பரணிலிருந்து ஃபோமை இறக்கியபோது அதில் பாதியை எலி தின்றிருந்தது. திட்டிக்கொண்டே கிளம்பிப் போனான். மாலையில் வேறொரு ஃபோமைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

படப்பையில் கார்களை நிறுத்திவைக்கும் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் மாரியிடம் கேட்டிருக்கிறான். மேலே ஆணியில் ஐசக்குடையது ஒன்று மாட்டியிருப்பதாகவும், அதை யாரும் தொடுவதில்லை என்றும் மாரி சொன்னானாம். ஐசக் போன சீசனின் கடைசிப் பந்தயத்தில், மூன்றாவது திருப்பத்தில் டயர் வெடித்துக் கார் கவிழ்ந்து இறந்துபோனவன்.

"செத்தவன் சீட்டுல குந்தினா இன்னா? பேய் வந்து கியர் போடுமா? போட்டா நல்லதுதான், எனுக்கு மூணாவது கியரு எப்பவும் தகராறு" என்று மாரியிடம் சொன்னதை அவளிடமும் ஒருமுறை சொல்லிக்காட்டினான்.

எப்போதும் கடைசிக்கு முன்னால் வருகிறவன் அன்று இரண்டாவதாக வந்திருந்தான்.

மறுநாள் அவள் உறையைக் கழற்றித் துவைத்துவிட்டு, ஃபோமைச் சுவரோரம் வெயிலில் சாய்த்தாள். ஆள் எழுந்து போன இடம்போல அது இருந்தது. உள்ளே கையை வைத்துப் பார்த்தாள். ஒல்லியான ஒருவனின் வடிவம்; இதற்குள் தன் கணவன் எப்படி அடங்கினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. வலது தோள் படும் இடத்தைவிட இடது தோள் படும் இடம் ஒரு விரல் அளவுக்குக் கீழே, ஆழமாக இருந்தது. தொட்டால் சூடு. வெயிலில் கிடந்த சூடு என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் மூட்டமாக இருந்தது. பக்கத்து விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம்கூட மேலே எழவில்லை. அன்றும் தொட்டுப் பார்த்தாள். அதே சூடு.

இரண்டாவது பந்தயத்தில் அவன் ஜெயித்தான். மூன்றாவதிலும். கார் வேறு, எண் வேறு, ஃபோம் மட்டும் அதே ஃபோம். காரை யாரும் காரணம் சொல்ல முடியவில்லை. அப்படியானால் ஓட்டுகிறவன்தான் காரணம் என்றாகிறது. ஓட்டுகிறவன் யார் என்ற கேள்விக்குத்தான் ஈஸ்வரி முதலில் பயந்தாள். துணி உலர்த்தும்போதும் அரிசி களையும்போதும் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் நின்றது.

அவன் இளைத்துக்கொண்டே வந்தான். பெல்ட்டில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. சாப்பிட உட்காரும்போது உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. மாமியார் கங்கையம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "கார்ல குந்திக் குந்தி ஒரு பக்கமா சாயறான் பாரு. ஆனா ஒண்ணு, இப்பதான் மனுசனா கீறான்" என்றாள். மாமியார் சொன்னதில் தப்பில்லை. அவன் குரல் தணிந்திருந்தது. கடை ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதை விட்டிருந்தான்.

பொங்கல் கழிந்த ஒரு மதியம், தட்டில் கைவைக்கும் முன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீ சாப்ட்டியா?"

கரண்டி அவள் கையிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அன்றிரவு அவன் அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு அவளால் தூங்க முடியவில்லை. பயமா, சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். இரண்டுக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடித்துக்கொண்டது. பிறகு பிரிப்பதை விட்டுவிட்டாள். தனக்கு வேண்டியது இந்த மனிதன்தான், இவன் எங்கிருந்து வந்திருந்தாலும் சரி என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஐசக்கின் அக்கா ஜீவரத்தினம் வந்தாள். சேலையூரில் பள்ளிக்கூட டீச்சர். ஐசக்கை வளர்த்ததே அவள்தானாம். தம்பியின் ஃபோம் இங்கே இருப்பதாக மாரி சொன்னான், முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு முன்னால் அதை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

ஈஸ்வரி அதை எடுத்து வந்து காட்டினாள். அந்த அம்மாள் தேடாமல் நேராக இடது தோள் பள்ளத்தில் விரலை வைத்தாள்.

"சின்னதுல கொய்யா மரத்துலேர்ந்து விழுந்துட்டான். எலும்பு சரியாவே கூடல. டெய்லர்கூட இந்தத் தோளை ஒரு விரல் இறக்கித்தான் சட்டை வெட்டுவார்." விரலை அங்கேயே வைத்திருந்தாள். "வீட்டுக்குள்ள நுழையறப்பவே, நீ சாப்ட்டியான்னுதான் கேப்பான். இப்ப கேக்க ஆள் இல்ல."

ஈஸ்வரி ஃபோமைத் தன் பக்கம் இழுத்து உறையால் மூடினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் மனதுக்குள் ஒரே கணக்கைப் போட்டுப் போட்டு அழித்தாள். கடைசிப் பந்தயம், அதே மூன்றாவது திருப்பம். ஃபோம் காரில் இருந்தால், அது தன் ஆளை எங்கே விட்டுவிட்டதோ அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். கொடுத்துவிட்டால் உயிர் மிஞ்சும். ஆனால் மறுபடியும் அந்த முதுகு. வாய்விட்டுச் சொல்ல முடியாத கேள்வி இது. புருஷன் உயிரோடு இருந்தால் போதுமா, இல்லை இந்த மாதிரி இருக்க வேண்டுமா?

கடைசியில், கொடுத்துவிடலாம் என்று அவனிடம் சொன்னாள். அவன் ஃபோமை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"குடுத்துடு. அவங்களுக்கு வேற யார் இருக்காங்க" என்றான்.

ஐசக்கின் அக்காவைப் பற்றி அவள் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. யாருக்குக் கொடுக்கப்போகிறாள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

சேலையூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், புது ஃபோம் செய்யப் படப்பை ஷெட்டுக்குப் போனார்கள். உறைக்கு அளவெடுக்க அவளும் கூடப் போயிருந்தாள். திரவம் பொங்கி இறுகியதும் அவன் எழுந்து முகம் கழுவப் போனான். மாரி ஃபோமைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இன்னாக்கா இது, ஐசக் சாரோடத ஜெராக்ஸ் எடுத்தாப்ல கீது."

ஒல்லியான முதுகு. இடது தோளில், ஒரு விரல் கீழே, ஆழமான பள்ளம். மாரி அதைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் அலறியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவளுக்குள் ஏதோ இளகியது. போகவில்லை என்று நினைத்தாள். இவர் போகவில்லை.

பந்தயத்தன்று தட்டி மறைப்புக்குப் பின்னால் பெண்களோடு நின்று பார்த்தாள். அவனுக்கு விழுந்த எண்ணை அவள் கேட்டு வைத்திருந்தாலும், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் புழுதியில் எண்கள் மறைந்துபோயின. எல்லாம் சிவப்பு. மூன்றாவது திருப்பத்தில் ஒரு சிவப்பு சுழன்று, தடத்தைவிட்டுப் புல்லில் போய்த் தூசி மூட்டத்துக்குள் மறைந்தது. பக்கத்தில் நின்றவள் யாரது யாரது என்று கேட்டுக்கொண்டே ஈஸ்வரியின் கையைப் பிடித்தாள். தூசி அடங்க நேரமானது. கார் நேராகத்தான் நின்றது. உள்ளிருந்து ஒருவன் இறங்கி, ஹெல்மெட்டோடு மெதுவாக நடந்து வந்தான். அவ்வளவு தூரத்தில் முகமும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. இடது பக்கம் இறங்கியிருந்த தோளைப் பார்த்துத்தான் அது தன் கணவன் என்று தெரிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஜீவரத்தினம் மறுபடி வந்தாள். ஆட்டோவிலிருந்து ஃபோமை இறக்கிக் கூடத்தில் வைத்தாள்.

"மன்னிச்சுக்கம்மா. இது எங்க ஐசக்கோடது இல்ல."

"நீங்கதான தொட்டுப் பாத்தீங்க?"

"அன்னிக்கு அவனோடதுதான். முந்தாநாள் துணியைப் பிரிச்சுப் பாக்கறேன், வேற யாரோடதோ மாதிரி இருக்கு. எனக்கு இதை வீட்டுல வெச்சுக்கப் பயமா இருக்கு."

ஈஸ்வரி குனிந்து உறையை விலக்கினாள். அகலமான முதுகு. இரண்டு தோளும் சமமாக இருந்தன. வலது விலாவுக்குக் கீழே சதை பிதுங்கும் இடத்தில் ஒரு மடிப்பு. நடுமுதுகில், கையால் எட்டிச் சொறிய முடியாமல் அவன் கதவு நிலையில் உரசிக்கொள்ளும் இடத்தில் அந்தச் சின்ன மேடு. இருட்டிலும் கண்டுபிடிக்கக்கூடிய முதுகு. உள்ளங்கையை வைத்தாள். உடம்புச் சூடு.

பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கூடத்து வாசலில் நின்றான். ஜீவரத்தினம் அவனைப் பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு தோளை. அவள் கையிலிருந்த பை தரையில் விழுந்தது.

அவன் வாயைத் திறந்தான். என்ன கேட்கப்போகிறான் என்பது ஈஸ்வரிக்குத் தெரியும். அந்தக் கேள்வி மட்டும் காதில் விழுந்துவிட்டால், இந்த அம்மாள் இவனைத் தன் தம்பி என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவாள். இவன் போயும் விடுவான்.

"நீங்க உள்ள போங்க. அத்தை கூப்புடறாங்க" என்றாள். கங்கையம்மாள் கூடுவாஞ்சேரிக்குப் போய் இரண்டு நாளாகிறது. அது தெரிந்தும் அவன் தலையசைத்து உள்ளே போனான்.

ஷெட்டில் ஃபோம் மாறியிருக்கும், மாரியிடம் விசாரிக்கிறேன் என்றெல்லாம் சொல்லி அந்த அம்மாளை வாசல்வரை கொண்டுவிட்டாள். ஆட்டோ புறப்பட்ட பிறகும் ஜீவரத்தினம் தலையை வெளியே நீட்டி வீட்டையே பார்த்துக்கொண்டு போனாள். ஈஸ்வரி கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஃபோமைப் பரணில் வைத்தாள். இளைப்பதற்கு முன் அவன் போட்டுக்கொண்டிருந்த பெரிய சட்டை ஒன்றைத் தேடி எடுத்து அதன்மேல் போர்த்தினாள். சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்தாள். அந்த முதுகுக்கு அப்படித்தான் பழக்கம். இறங்கப் போனவள் பழைய ஃபோமின் கதி நினைவுக்கு வர, எலிப்பொறியை எடுத்துத் தேங்காய்ச் சில்லைக் குத்தி, சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன ஈஸ்வரி மேல?" என்று கீழேயிருந்து அவன் கேட்டான். முன்பெல்லாம் 'இன்னா' என்றுதான் கேட்பான்.

"எலிங்க" என்றாள்.

"பாத்து இறங்கு" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். சட்டைக்கு அடியில் ஏதோ ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டதுபோல் இருந்தது. அவள் கீழே நீண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.