திபியோஸை நான் கட்டிவைக்க மாட்டேன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத நினைத்தது பல்லக்குக்குள் இருந்த பெண்ணைப் பற்றி. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பிறருக்கு வாதவுரை எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. கதை என் வேண்டாத வேலை.

‘ஃபொரெயொன் என்னும் எங்கள் ஊர்ப் பல்லக்கு, துறைமுகச் சாலையில் ஆடி அசைந்து…’

(அடித்துவிட்டேன். பல்லக்கு தானாக அசையாது. கீழே ஆள் இருக்கிறான்.)

2

ஆளின் பெயர் திபியோஸ். அடிமை, பின்பக்கம் தூக்குபவன். (முன்பக்கம் தூக்கியவன் கூலிக்கு வந்தவன், கப்பலேறிவிட்டான். கெட்டிக்காரன்.)

உள்ளே இருந்தவள் அரிஸ்துல்லா. அவள் பல்லக்கில் போனது அடுத்த தெரு லூக்கோனிடம்தான் என்று அவன் மேல் கள்ளத்தொடர்பு வழக்குப் போட்டான், அவள் கணவன் கலிப்பிதேஸ். ஜெயித்தால் அவளை வீட்டைவிட்டுத் துரத்துவான். கோயில்களும் அவளுக்குக் கதவை மூடிவிடும். அவள் போனதோ அக்கா வீட்டுக்கு. அக்கா சொல்லலாம், ஆனால் பெண் பேச்சு மன்றத்தில் செல்லாது.

“டேய், எங்கடா எறக்கிவிட்ட?” என்றான் கலிப்பிதேஸ்.

“அக்கா வீட்டு வாசல்லதான் எஜமான். பொண்ணு பொறந்திருந்துச்சு. அதுக்கு அடையாளமா கதவுல கம்பளி தொங்கிச்சு.”

“சும்மா சொன்னா எவன் நம்புவான்? கட்டிவச்சு அடிச்சாத்தான் அடிமை சொல்றது சாட்சி.”

“அடிச்சா அந்தக் கம்பளி, ஆம்பளப் புள்ளைக்குக் கட்டுற ஆலிவ் கிளையா மாறிடுங்களா?”

இந்த வரியை நான் யோசிக்கவில்லை. அவனே சொன்னான்.

3

‘திபியோஸைச் சித்திரவதைச் சக்கரத்தில் ஏற்றி, கைகளை…’

முடியாது. நண்பன் ஹெகெமோன் படித்துவிட்டுக் கத்தினான்.

“அடி இல்லாம வழக்கு நிக்காதுய்யா. ரெண்டு வரி எழுதிட்டுப் போயேன்!”

“உனக்கு ரெண்டு வரி. அவனுக்கு முதுகு.”

“அப்ப அந்தப் பொண்ணு கதி?”

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். வலி பொறுக்காமல் பொய் சொல்கிறான், அவள் தெருவுக்கு வருகிறாள்: ஒரு முடிவு. உண்மையையே கத்துகிறான், அவள் தப்புகிறாள், அவன் தோள் இனி எதையும் தூக்காது: இன்னொன்று. இரண்டையும் நான் எழுதும் மெழுகுப் பலகையிலிருந்து வழித்துவிட்டேன். சட்டம் கேட்கட்டும், ஊர் கேட்கட்டும், அவனைக் கொடுக்க மாட்டேன்.

4

எங்கள் மன்றத்தில் தீர்ப்பளிப்பவர் கையில் நடுவே சிறு தண்டு வைத்த இரண்டு வெண்கல வில்லைகள் தருவார்கள். தண்டில் துளை உள்ளது வழக்குப் போட்டவனுக்கு, துளை இல்லாதது எதிராளிக்கு. விரலால் தண்டை மூடிக்கொண்டு ஒன்றைத் தீர்ப்புக் குடத்தில் போட்டால் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது.

இதோ, இரண்டும் இப்போது உங்கள் கையில். சாட்சி சொன்னதைக் கேட்டுவிட்டீர்கள்: கதவில் கம்பளி தொங்கியது. அவன் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.

போடுங்கள்.