நாலாயிரத்து எழுபத்து மூன்று

என் வீட்டுக்காரர் இராமலிங்கத்துக்குத் தன் அடையாள அட்டையிலுள்ள ஐசி நம்பர்மேல் அப்படியொரு கர்வம். பன்னிரண்டு இலக்கம். அது பகா எண்ணாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதாம்.

"உன்னோடது பகு எண், குமுதா. பொம்பளைங்க ஐசி எல்லாம் இரட்டைப்படையிலதானே முடியுது? ரெண்டால வெட்டினா ரெண்டு துண்டு."

"ஆமா, ஐயாவ மட்டும் யாராலயும் வெட்ட முடியாது. வந்து வெங்காயத்த வெட்டுங்க மொதல்ல" என்பேன்.

சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? சுங்கை வே தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தினமும் பசியாறியதும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்களாக எடுத்துக் கையாலேயே வகுப்பார். மீதி வந்தால் முகமெல்லாம் பல். அம்பாங்கிலிருக்கும் எங்கள் மகள் ஷாமினி, "அப்பா, போன்ல போட்டா ஒரு செகண்ட் லா!" என்பாள். "அப்புறம் நான் எதுக்கு?" என்பார்.

தைப்பூசத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கணையத்தில் புற்றுநோய். வயிற்றுவலியென்றால் "கேஸ்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுக்கு நான்கு மாதமாகவே விஷயம் தெரியுமாம். "ஆன்டி, உங்ககிட்ட சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அழுததைவிட நான் திட்டியதுதான் அதிகம். "நீங்க பகா எண்தான்யா! என்கிட்ட எதையுமே பகிர்ந்துக்காத மனுஷன்!" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். ஷாமினி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

நேற்று பதிவு இலாகாவில் அவர் ஐசியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்தக் கோபம் தீராமல்தான், நோட்டைப் பழைய பேப்பரோடு தூக்கிப் போட எடுத்தேன். எழுதியிருந்த கடைசிப் பக்கம் திறந்துகொண்டது.

4073. அதனால் தன் ஐசி நம்பரைப் பக்கம் முழுக்க வகுத்திருந்தார். மீதி பூஜ்யம். அதன் கீழே இரண்டு கோடு. ஓரத்தில் தேதி, தீபாவளிக்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் முன்னறையிலிருந்து கூப்பிட்டார்.

"குமுதா, இங்க கொஞ்சம் வாயேன். ஒண்ணு காட்டணும்."

"நீங்களும் உங்க நம்பரும்! எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு."

"சரி சரி, பரவால்ல."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் என்னவென்று கேட்கவில்லை.

தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

'நானும் பகு எண்தான். முதலில் குமுதாவிடம் இதைக் காட்ட வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மற்றதையும் சொல்லிவிடலாம்.'

ஐயோ, சிரித்திருப்பேனே. கையில் மீன் செதிலோடு வந்து நின்று சிரித்திருப்பேனே.