இரண்டு மார்க்

எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் இரண்டு மார்க் இருந்தது. பஸ் டிரைவர் வேலைக்கு ஒரே நாளில் தேர்வுக்குப் போனோம். எனக்கு எழுபத்தெட்டு, அவளுக்கு எழுபத்தாறு. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். நான் பழையபடி பள்ளிக்கூட வேன்தான்.

வயிறு எரிந்தது, மறைப்பானேன். வேன் நிறுத்தத்தில் யார் அகப்பட்டாலும் விடமாட்டேன். "திறமைக்கு ஏதுப்பா மதிப்பு? ரெண்டு மார்க் கூட வாங்கினவன் வெளியில நிக்கிறேன்." நாளடைவில் அவர்கள் எனக்கு வைத்த பெயரே 'ரெண்டு மார்க்'. வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட கோட்டாவை இழுப்பேன். அவள் பாட்டுக்கு யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் மறுபடி ஆள் எடுத்தார்கள். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சமையலறை மேசையில் விண்ணப்பத்தை விரித்து உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு சான்றிதழாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியாக வந்தது ஒரு பழுப்பேறிய தாள். அவள் வேலை பார்க்கும் அதே பஸ் டிப்போவில் என் அப்பா முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்ததற்கான சான்று.

"இதையும் வைங்க. ஒம்பதாவது கட்டம்."

பணியாளரின் பிள்ளைகளுக்கு ஐந்து மார்க் கூடுதல் என்றிருந்தது. போன தடவையும் அதில் டிக் அடித்திருந்தேன், பெயரும் முகவரியும் எழுதுகிற மாதிரி, யோசிக்காமலே.

எழுபத்தெட்டில் ஐந்து போனால் எவ்வளவு? மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் போடுகிற கணக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வருஷம் உங்க ஃபாரத்த ஜெராக்ஸ் எடுத்தது யாரு?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தாங்குவீங்களா? டிக் அடிங்க."

பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. அடிக்காவிட்டால் ரோஷம் மிஞ்சும், கூடவே வேனும் மிஞ்சும்.

"அட, அடிங்க. வேலைக்குச் சேர்ந்தப்புறம் பஸ்ஸ உங்கப்பாவா வந்து ஓட்டப் போறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வேன் நிறுத்தத்தில் ஒருவன் ஆரம்பித்தான். "என்ன ரெண்டு மார்க், ஃபாரம் போட்டாச்சா?"

"மூணு" என்றேன். "மூணு மார்க். அவதான் கூட."