முனகாத பம்ப்

மேட்டில் ஏறும்போதே வேன் இரண்டு முறை விக்கியது. அடுத்த விக்கலில் உயிரை விட்டது.

டிரைவர் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் அவன் தங்கை. நிறைமாதம், பனிக்குடம் உடைந்து முனகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம். இங்கே ஈ காக்கை இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

"டேங்க்ல எவ்ளோ இருக்கு?" பக்கத்தில் இருந்த மனைவி, பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

முள் சிவப்பில் படுத்திருந்தது, வழக்கம்போல. பாதி டேங்காவது வை என்று மெக்கானிக் ஊதியதெல்லாம் செவிடன் காதில் சங்கு. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் மோட்டார்தான் பம்ப். அந்தப் பெட்ரோல்தான் அதன் சூட்டையும் தணிக்கும். மேட்டில் மிச்சமிருந்தது டேங்கின் பின்பக்கம் ஓடிவிட, முன்மூலையில் இருந்த பம்ப் காற்றைக் குடித்துக் கொதித்திருக்கிறது. இறுகிப்போனதா, கருகியே விட்டதா?

என்ஜின் நின்றதால் கல்லாய் இறுகிய பிரேக்கோடு மல்லுக்கட்டி, வேனைப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்தான். சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் லேசாக முனக வேண்டும். ஆனால் அங்கே தங்கையல்லவா முனகுகிறாள்!

"கண்ணு, கொஞ்சம் முனகாம இரும்மா. பம்ப் முனகுதான்னு கேக்கணும்."

முறைத்துவிட்டு, துண்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

சாவி. மயான அமைதி.

டேங்கைத் தட்டினால் இறுகிய மோட்டார் விடுபடலாம். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டையை எடுத்தான். இரும்பால் தட்டிப் பொறி பறந்தால் எல்லோருக்கும் சேர்த்துக் கொள்ளி. வேனுக்கு அடியில் புகுந்தான்.

"நான் தட்டும்போது சாவியப் போடு. நியூட்ரல்ல இருக்கா பாரு. என் மேல ஏத்திடாத."

"அந்த ஆசைய இன்னொரு நாள் வச்சுக்கறேன்," என்றாள் மனைவி, சாவியைப் பிடித்தபடி.

தட்டினான். ஒன்றுமில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். டேங்கின் அடிவயிற்றில் ஒரு நடுக்கம்... ம்ம்ம்ம். என்ஜின் பிடித்துக்கொண்டது.

நேராக ஏறினால் மறுபடி அதே கதி. வேனைத் திருப்பி, ரிவர்ஸில் மேடேறினான். இப்போது பெட்ரோல் பம்ப் பக்கம் நிற்கும்.

கழுத்தைத் திருப்பிய அவன் கண்ணெதிரே தங்கையின் முகம். கண்கள் மூடியிருந்தன. சத்தமே இல்லை. பம்ப் முனகியது, அவள் முனகவில்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினான்.

உச்சி வந்தது. கீழே ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது.

துண்டு மெல்ல நகர்ந்தது.

"அண்ணே... இப்ப முனகலாமா?"