மக்ரூன் உடையாத வண்டி

எனக்கும் ரெக்ஸுக்கும் முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானமே அவன் ஜீப்புக்குப் புது டயர் மாட்டினான்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். பேருக்குத்தான் ஓலை, இப்போது அது பங்குச்சாமியாரின் செல்போனில் இருக்கிறது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்க வேண்டும் என்று முடியும். அந்த வரி வரும்போது பெஞ்சில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பெண்ணைப் பார்ப்பார்கள். பாவம், தடை வெளியே வேப்பமர நிழலில் நாலு சக்கரத்தோடு நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

என் அம்மா விக்டோரியா மக்ரூன் போடுகிறவள். நான் பி.காம். முடித்துவிட்டு அதை டின்னில் அடுக்கி விற்கிறவள். மக்ரூன் என்பது கூம்பு கூம்பாகச் சுட்டெடுத்த முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, மீதியெல்லாம் காற்று. ஆட்டோவில் ஏற்றினால் காயல்பட்டினம் போய்ச் சேருவதற்குள் பாதி தூளாகிவிடும். தூளெல்லாம் திரும்பி வந்து குசினியில் அடுப்புப் பக்கம் இருக்கிற வாயகன்ற ஒரு சருவத்தில் விழும். சருவம் எந்த அளவுக்கு நிறைகிறதோ அந்த அளவுக்கு அன்று அம்மாவிடம் ஏச்சு கிடைக்கும்.

ரெக்ஸ் எங்கள் தெருக்காரன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவருகிற டக் போட்டில் என்ஜின் பார்க்கிறான். ஒரு நாள் ஆட்டோக்காரர் வராமல் போக, இவன் தன் பழைய ஜீப்பில் டின்களை ஏற்றிக்கொண்டு போனான். ஒன்றுகூட உடையவில்லை. மறுநாளும் உடையவில்லை. அதற்கப்புறம் டின்னோடு நானும் போக ஆரம்பித்தேன்.

விஷயம் தெரிந்தபோது அம்மா குதிக்கவில்லை. காலியாய்க் கிடந்த சருவத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்கருவ அலுங்காமக் கொண்டுபோறவன் பொண்டாட்டியயும் அலுங்காம வச்சிருப்பான்" என்றாள். எங்கள் காதலுக்கு அம்மா கொடுத்த சம்மதம் முழுக்க முழுக்க அந்தச் சருவத்தின் மேல்தான் நின்றது.

அது ரெக்ஸுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கை சும்மா இருக்கவில்லை.

ஜீப் வாங்கும்போது அது ஒரு சாதாரண வண்டி. வேலைக்குப் போக, மக்ரூன் கொண்டுபோக, மழை நாளில் என் சித்திகளைக் கோயிலில் இறக்கிவிட. நாலு சக்கரத்துக்கும் என்ஜின் இழுவை உண்டு என்பது ஒன்றுதான் அதன் பெருமை. டக் போட்டில் அவனோடு வேலை செய்கிற ஜோன்ஸ், குதிரைமொழித் தேரிக்குள் ஜீப் ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் இருந்தான். மைல் கணக்கில் செம்மணல், நடுவில் பனை, வேறொன்றும் கிடையாது. வேலை மெனக்கெட்டு அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டு, பிறகு வேலை மெனக்கெட்டு வெளியே வருவதுதான் விளையாட்டு. "ஏலே, நாலு வீல் இழுக்குத வண்டிய வச்சுக்கிட்டு முட்டாயி விக்குத" என்று அவன் சொன்ன அன்றே என் வாழ்க்கையில் மண் விழுந்தது.

முதலில் வண்டியின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் குழாய் முளைத்துக் கூரைவரை ஏறியது. தண்ணீருக்குள் இறங்கினாலும் என்ஜின் மூச்சு விடுமாம். "அங்கன அடுப்புக்குப் புகைபோக்கி இல்லாமக் கெடக்கேன், இவன் ஜீப்புக்கு வச்சிருக்கான்" என்றாள் அம்மா. அப்புறம் முன்பக்கம் இரும்புக் கயிறு சுற்றிய விஞ்ச், மணலில் புதைந்தால் கயிற்றை மரத்தில் கட்டி வண்டியை இழுக்க. அதெல்லாம் மக்ரூனைத் தொந்தரவு செய்யவில்லை. அம்மா முகத்தைச் சுளித்ததோடு விட்டுவிட்டாள்.

முதல் ஓலைக்கு வந்த டயர் வேறு ரகம். அகலமாக, கட்டை கட்டையாகப் பல் வைத்தது. தார் ரோட்டில் ஓடும்போது ஒரு தேன்கூட்டைக் கலைத்தது மாதிரி சத்தம். காயல்பட்டினத்தில் வழக்கமாகப் போகிற சந்துக்குள் வண்டி நுழையவில்லை. நான் ஒவ்வொரு டின்னாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எதிரே வந்த ஸ்கூட்டர்களுக்கெல்லாம் வழிவிட்டு நடந்தேன்.

"கல்யாணப் பொண்ணு நடந்தா நல்லதுதான்" என்றான் ரெக்ஸ்.

"கல்யாணம் நடந்தாத்தான் கல்யாணப் பொண்ணு" என்றேன். அம்மா முன்னால் அவனை நீங்க என்பேன், ஜீப்புக்குள் நீதான். "எதுக்கு இதெல்லாம்? உண்மையச் சொல்லு."

அவன் கியரைத் தடவினான். "தேரிக்கு நடுவுல ஒரு மேடு இருக்கு. அதுல ஏறி நின்னா ஒரு பக்கம் செம்மண்ணு, அந்தப் பக்கம் கடலு. சாதா வண்டி ஏறாது. கல்யாணம் முடிஞ்ச மறுநா உன்னைய அங்கன கூட்டிட்டுப் போவணும். ஊரே கொடைக்கானல் போவுது, நாமளும் போய் ஏரியில பெடல் போட்ல மிதிக்கணுமா?"

தேனிலவுக்கு மண்வெட்டியோடு போகிற முதல் ஜோடி நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் அவன் சொன்ன விதத்தில் எனக்கும் அந்த மேட்டைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே இன்னொரு விஞ்ச் வாங்கியிருப்பான்.

இரண்டாம் ஓலைக்கு ஸ்பிரிங் மாற்றினான். ஜோன்ஸ் எங்கிருந்தோ கொண்டுவந்த தடித்த பட்டைகள். வண்டி ஒரேயடியாக உயர்ந்தது. ஞாயிறு மாலை ஜெபமாலைக்குப் போக அம்மா ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்று, படியையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடந்தே போய்விட்டாள்.

அதையாவது மன்னித்திருப்பாள். திங்கட்கிழமை காலையில் மக்ரூன் போனது. சாகுபுரம் பக்கத்து வேகத்தடையில் ஜீப் ஆட்டுக்கிடா மாதிரி எம்பியது. என் தலை கூரையில் இடித்தது. டின்களுக்குள் சரசரவென்று ஒரு சத்தம். கடையில் திறந்து பார்த்தால் உள்ளே சீனி ரவை.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்தான். தலையணை வைத்துப் பார்த்தான். ஒரு டின்னை நான் மடியில் வைத்துக்கொண்டேன். டின்னுக்கு ஒன்றுமில்லை, உள்ளே இருந்தது என்னோடு சேர்ந்து குதித்தது. சருவம் நிறைந்து பக்கத்தில் ஒரு வாளியும் வந்தது. தெருப்பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல காலம்.

அம்மா ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் ஓலை வாசித்து முடித்ததும் அம்மா நேராகச் சாமியார் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தோத்திரம் சாமி. தடை ஒண்ணு இருக்கு."

கிருபாநிதி சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதித் தலை உள்ளே இருந்தது. "பையன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா?"

"ஆமா."

தலை வெளியே வந்தது. "யார் கூட?"

"ஜீப் கூட."

சாமியார் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். "திருச்சபைச் சட்டத்துல அப்படியொரு தடை இல்லையே, விக்டோரியாம்மா."

"சட்டம் எழுதுனவுங்க மக்ரூன் சுட்டிருக்க மாட்டாவ. சாமி, ஒரு வருசமா இவன் கைய நம்பித்தான் பொண்ணக் குடுக்கச் சம்மதிச்சேன். இப்ப அந்தக் கை இரும்பத் தடவுது. நாளைக்கு இவ வயித்துல ஒண்ணு வரும். அதையும் இந்த வண்டியிலதான ஏத்துவான்?"

சாமியார் உடுப்பை மடித்து அலமாரியில் வைத்தார்.

சாமியார் யோசித்தார். மணப்பாட்டில் அவருடைய நண்பர் ஒருவருக்குக் குருப்பட்ட விழா. அம்மாவிடம் ஏற்கெனவே மக்ரூன் சொல்லியிருந்தார். "வியாழக்கிழமை அந்த ஜீப்பிலயே கொண்டுபோவோம். நானும் வாரேன். முழுசாப் போய்ச் சேந்தா நீங்க தடைய வாபஸ் வாங்கணும்."

"தூளாப் போச்சுன்னா?"

"உக்காந்து பேசுவோம்."

என் கல்யாணம் வெள்ளைக்கருவில் வந்து நின்றது.

வெளியே ரெக்ஸ் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "பழைய ஸ்பிரிங்க மாட்டிரு" என்றேன்.

"அதை ஜோன்ஸ் திரேஸ்புரத்துல படகு ஏத்துற டிராலிக்கு மாட்டிட்டான். டிராலி ஆந்திராப் பக்கம் போயிருக்கு."

"அப்ப உடையும்."

"உடையும்" என்றான். துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "உடைஞ்சா வித்துருதேன்."

"எதை?"

தலையால் ஜீப்பைக் காட்டினான். கப்பலையே இழுக்கிறவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பானட்டில் இல்லாத அழுக்கைத் துடைத்தான். அவன் விற்பான் என்பது எனக்குத் தெரிந்தது. விற்றுவிட்டு ஆயுசு முழுக்க ரோட்டில் போகிற ஜீப்பையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான் என்பதும் தெரிந்தது. அப்படி ஒரு புருஷன் எனக்கு வேண்டாம். எனக்கு இரண்டும் வேண்டும், அவனும் அந்த மேடும்.

வியாழக்கிழமை காலை அம்மா புதுச்சேலை கட்டி வந்தாள். பின்னால் லூர்துச் சித்தியும் மரியச் சித்தியும்.

"இவங்க எதுக்கும்மா?"

"சாட்சிக்கு."

என் அம்மாவும் சித்திகளும் ஒரே அச்சு. கோயிலில் மூவரும் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் நாலாவது ஆள் உட்கார முடியாது. ரெக்ஸ் முக்காலி கொண்டுவந்து போட்டான். ஒவ்வொருவராக ஏறினார்கள், அவன் கீழேயிருந்து முதுகைத் தாங்கினான். மூன்றாவது ஆள் ஏறியபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பாரம் கூடினால் பாடும் கூடும் என்று நினைத்துவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாமியார் முன்னால் உட்கார, கடைசியில் டின்களுக்கு நடுவில் நான் சுருண்டேன்.

ரெக்ஸ் மாட்டு வண்டி மாதிரி உருட்டினான்.

"என்ன மருமகனே, தெனமும் இப்பிடித்தான் போறியளா?" என்றாள் அம்மா.

"இல்ல மாமி."

"அப்ப எப்பவும் போறது மாதிரிப் போங்க. பொய்ச்சாட்சி ஆகாது. சாமி வேற இருக்காவ."

சாமியார் இருந்தார், தூங்கிக்கொண்டிருந்தார். ரெக்ஸ் வேகமெடுத்தான். சாகுபுரம் வேகத்தடை வந்தது. நான் கண்ணை மூடி, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஜீப் அலையில் ஏறின வள்ளம் மாதிரி ஒருமுறை தணிந்து, ஒருமுறை எழுந்து, அப்படியே போனது. கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் ரெக்ஸ் என்னைப் பார்த்தான். அவனுக்கும் புரியவில்லை.

மணப்பாடு வந்ததும் அம்மா இறங்கினாள். நேராக ஒரு டின்னைத் திறந்தாள். எல்லாம் கூம்பு கூம்பாக நின்றன. "அடுத்தது" என்றாள். அதுவும் அப்படியே. எல்லா டின்னும் திறந்தாயிற்று. உடைந்தது ஒன்றே ஒன்று, அதை முழித்ததும் சாமியார் எடுத்துக் கடித்திருந்தார்.

"சாமி, நீங்க வர்ற வழியில ஜெபம் எதுவும் சொன்னியளா?" அம்மா சந்தேகமாகக் கேட்டாள்.

"நான் எங்கம்மா சொன்னேன், தூங்கில்லா போயிட்டேன்."

ரெக்ஸ் வெள்ளைச் சட்டையோடு ஜீப்புக்கு அடியில் படுத்தான். "லூர்துச் சித்தி, நீங்க இன்னும் இறங்கலைல்லா? அப்படியே இருங்க" என்றான் உள்ளேயிருந்து. "இப்ப இறங்குங்க. மறுபடி ஏறுங்க." சித்தி ஏசிக்கொண்டே ஏறி இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். ஞானம் வந்த முகம். என் அம்மாவையும் சித்திகளையும் கோயில் சுரூபங்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"மாமி, இது பாரவண்டி ஸ்பிரிங்கு. பாரம் இருந்தாத்தான் சொன்னபடி கேக்கும். சும்மா போனா குதிக்கும்."

"பாரம்னா?"

சாமியார் கடலைப் பார்த்தார்.

"என்னையவா சொல்லுதிய?"

"மூணு பேரையும் சேத்துத்தான் சொல்லுதேன், மாமி."

மரியச் சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா ஜீப்பை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். குழாய், விஞ்ச், பல் வைத்த டயர், எல்லாவற்றையும்.

"அப்ப நான் இல்லாம உங்க வண்டி ஓடாது."

"ஓடும் மாமி. உருப்படியா ஓடாது."

ஒரு மாமியார் இதற்கு மேல் மருமகனிடம் என்ன கேட்டுவிடப் போகிறாள்? "சாமி, தடை இல்ல" என்றாள் அம்மா. அவளே முக்காலியைத் தூக்கி ஜீப்பில் போட்டாள்.

அன்றிலிருந்து கல்யாணம் வரை தினமும் காலையில் மூன்று சகோதரிகளும் மக்ரூனோடு காயல்பட்டினம் போனார்கள். அங்கே சந்து முனையில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே துணிக்கடைக்காரரை வரவழைத்து விலை பேசினார்கள். அவர்கள் வர முடியாத நாளில் பின்னால் உப்பு மூட்டைகளைப் போட்டோம். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? "எனக்குப் பதிலா எத்தன மூட்டை போடுதாவ?" என்று அம்மா என்னிடம் மட்டும் கேட்டாள். குறைத்துச் சொன்னேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் காலை நாங்கள் தேரிக்குக் கிளம்பினால், வாசலில் மூன்று பேரும் பையோடு நிற்கிறார்கள்.

"மாமி, நீங்க எங்க?"

"நாங்க வராம வண்டி குதிக்காதா?"

ரெக்ஸ் தலையைச் சொறிந்தான். "அது ரோட்டுல, மாமி. மணல்ல பாரம் ஆகாது. புதைஞ்சிரும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜோன்ஸ் கொடுத்த மண்வெட்டியைப் பார்த்தேன்.

"நல்ல ஸ்பிரிங்கு" என்றாள் அம்மா. "வேணுங்கும்போது நான் வேணும், வேண்டாங்கும்போது வேண்டாம்." ஆனால் சிரித்துவிட்டாள். பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து என் மடியில் வைத்தாள். "முழுசாக் கொண்டுபோய்த் தின்னுங்க."

டயரில் காற்றைக் குறைத்துவிட்டுத் தேரிக்குள் நுழைந்தோம். ஜீப் துள்ளிக்கொண்டு ஓடியது. இரண்டு முறை புதைந்தோம், விஞ்ச் கட்ட அந்த இடத்தில் ஒரு பனைகூட இல்லை, மண்வெட்டிதான் கைகொடுத்தது. கடைசியில் அந்த மேட்டில் ஏறி நின்றோம். அவன் சொன்னது நிஜம்தான். இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம். ரெக்ஸ் தலைமுடியெல்லாம் செம்மண்ணாக, ஞானஸ்நானம் வாங்கினவன் மாதிரி நின்றான்.

டின்னைத் திறந்தேன். ஒரு கூம்புகூட மிச்சமில்லை. பானட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தட்டித் தட்டி ஆளுக்கு ஒரு வாயாக அள்ளிப் போட்டுக்கொண்டோம். அப்போது போன் அடித்தது.

"ஏளா, மக்ரூன் முழுசா இருக்கா?" என்றாள் அம்மா.

வாயெல்லாம் தூள். ரெக்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியே இருக்கும்மா" என்றேன்.