இருபத்து மூன்றாவது பெயர்

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, சங்கரன்கோவில் விசைத்தறிக்காரி கனகலட்சுமி ஆறு வயசுப் பிள்ளையாகச் சுருங்கினாள். பன்னிரண்டு மணிக்கு உயரம் திரும்பி வந்துவிட்டது. சேலைதான் கொஞ்சம் கசங்கியிருந்தது.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிய வருஷம் அது. மகள் மீனலோசினி ஒன்றாம் வகுப்பு. கனகலட்சுமியோ இரண்டாம் வகுப்போடு தறிக்கு நூல் சுற்றப் போனவள். படித்த எழுத்தெல்லாம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. மகள் பாடம் சொல்லித்தரக் கேட்டால், "போன்ல சார்ஜ் இல்ல, மக்கா" என்று ஆறு நாள் சமாளித்தாள். ஏழாம் நாள் துணிந்து, சேலைக் கரையைப் பார்த்து நெய்வதுபோல எழுத்துகளைப் பார்த்து நோட்டில் வரைந்து காட்டினாள். அவள் தறியில் சேலையின் பின்பக்கம்தான் மேலே தெரியும். கை அந்தப் பழக்கத்திலேயே போய், அத்தனை எழுத்தும் இடம் வலம் மாறி விழுந்தது. மகளும் அப்படியே எழுதினாள். போட்டோவைப் பார்த்த மாலதி டீச்சர், "தப்பு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"எனக்குப் படிப்பு வராதாம்மா?" என்றாள் மீனலோசினி.

மறுநாள்தான் கனகலட்சுமி போன் முன்னால் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், சுருங்கினாள்.

"மீனா, பக்கத்துல யாருட்டி? புதுப் பிள்ளையா?"

"கனகலட்சுமி, டீச்சர்."

"சரி, மைக்க ஆஃப் பண்ணிட்டு எழுது."

வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்றாவது பெயராக அவள் ஏறினாள்.

பதினோரு மணிக்கு டீ குடிக்க வந்த புருஷன் சபரிநாதன் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏட்டி, ஒங்க அம்மைய எங்க?" மகள் பென்சிலால் காட்டினாள். "அப்போ சோறு யாரு வடிக்கது?"

"பன்னெண்டு மணி வரைக்கும் நீங்கதான்" என்றது புதுப் பிள்ளை, தலை நிமிராமல்.

முதல் வாரம் சோறு குழைந்தது. புரட்டாசிக்குள் அவனுக்குப் பதம் பிடிபட்டது. அதற்குள் அம்மா கையை மகள் பிடித்தும், மகள் கையை அம்மா பிடித்தும் எழுத்துகளை நேராகத் திருப்பியிருந்தார்கள். ஒருநாள் ரேஷன் கடைப் பலகையை இருவரும் எழுத்துக்கூட்டி ஒரே மூச்சில் வாசித்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்குத் தாங்கள் வாங்க வந்த சாமான் மறந்துபோனது.

மறுவருஷம் ஐப்பசியில் பள்ளி திறந்தது. மீனலோசினி இப்போது இரண்டாம் வகுப்பு. மகளை விட வந்த கனகலட்சுமி டிபன் பையோடு வாசலில் நின்றாள். மாலதி டீச்சர் பெயர் வாசித்துக்கொண்டே வந்தார். இருபத்து மூன்று வந்ததும், "உள்ளேன், டீச்சர்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டீச்சர் நிமிர்ந்தார். சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பதிவேட்டில் டிக் அடித்தார்.

"வாசல்ல என்ன நிப்பு? உள்ள வா."

ஒன்பது மணி அடித்தது. மீனலோசினி பெஞ்சில் நகர்ந்து, ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.