புரட்டும் கை

அஃப்ரியேயின் வலது மணிக்கட்டு வாத நோயில் தேய்ந்து, கரண்டியைத் தூக்கினாலே உயிர் போய் உயிர் வந்தது. குமாசி நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் போவாடி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். தகடு வைத்து எலும்பை இறுக்கிவிட்டால் மணிக்கட்டு மடங்காது, ஆனால் பலம் இருக்கும், உலக்கை பிடிக்கலாம். செயற்கை மூட்டு வைத்தால் நன்றாக மடங்கும். ஆனால் ஆயுசுக்கும் அந்தக் கையால் உலக்கையைத் தொடக் கூடாது.

டாக்டரும் அவளைப் போல அசாந்தி இனத்து வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"வீட்டுல ஃபூஃபு இடிக்கிறது யாரும்மா? நீங்களா?"

ஃபூஃபுக் களிக்காக வெந்த மரவள்ளியும் வாழைக்காயும் உரலில் விழுந்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நின்று இடிப்பார். இன்னொருவர் உட்கார்ந்து, உலக்கை மேலே போகும் நொடியில் கையை விட்டு மாவைப் புரட்டுவார். நம்பிக்கையில்லாத ஆளோடு உட்கார்ந்தால் விரல் போய்விடும். முப்பத்தொரு வருஷம் அஃப்ரியேயின் விரலில் ஒரு கீறல் விழவில்லை. இடித்தவர் அவள் கணவர் நியார்க்கோ. அவரைப் புதைத்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகளும் இல்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிடுவது கடையில் வாங்கிய பாக்கெட் மாவு ஃபூஃபுதான்.

தனியாளுக்கு வேண்டியது பலமுள்ள கை. உட்கார்ந்தபடி சின்ன உலக்கையால் தானே இடித்துத் தானே புரட்டிக்கொள்ளலாம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் வெளியே பெஞ்சில் இருந்த எல்லோரும் துணையோடு வந்திருந்தார்கள். எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அவருதான் இடிப்பாரு. நான் புரட்டிவிடுவேன்."

"அப்ப உங்களுக்கு மடங்குற கைதாம்மா வேணும்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

எழுதியபடியே செய்தும் முடித்தார். ஆறு மாதம் கழித்துக் கையை மடக்கிப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இனிமே தாராளமா புரட்டுங்க. வீட்டுக்காரரை மட்டும் பாத்து இடிக்கச் சொல்லுங்க."

"அவரு எப்பவும் பாத்துத்தான் இடிப்பாரு."

திரும்பும் வழியில் அவள் மரவள்ளி வாங்கினாள். ஏன் வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வேகவைத்து உரலில் போட்டு, தன் பழைய முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் நியார்க்கோவின் உலக்கை சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் இடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையில், பழகிய அந்த நொடியில், அவள் கை உரலுக்குள் போய்ப் புரட்டிவிட்டு வெளியே வந்தது. கிழங்கு மாவாகவில்லை. கட்டி கட்டியாகவே புரண்டு ஆறிப்போனது.

மணிக்கட்டு கொஞ்சமும் வலிக்கவில்லை. வலித்திருந்தால், அழுவதற்கு அதையாவது சாக்காகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.